சீற்றுக்குக் கீழே ஒரு வயர்

சுனாமியில் கணவர் மௌத்தான பிறகு இறக்காமத்து வயலை நான்தான் செய்துவந்தேன். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், முதன்முதலாக நெல் அறுக்கப் பெரிய வெட்டு மெசினைக் கூப்பிட்டேன். பாதி வயல் வெட்டியதும் அது நின்றுவிட்டது. சிவப்பு லைட் ஒன்று எரிந்தது. அதன் கீழிருந்த எழுத்து டிரைவருக்கும் விளங்கவில்லை. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

காரைதீவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். மெலிந்த மனிதர், நரைத்த மீசை. எதைத் தொடுமுன்பும் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொள்வார். அரைமணி நேரம் தேடியவர், டிரைவரின் சீற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இஞ்ச வாங்க.”

“டிரைவரிட்டச் சொல்லுங்க அண்ணன்.”

“அவருக்குப் பிறகு சொல்றன். வயல் உங்கட. நீங்க பாருங்க.”

ஏறிப் பார்த்தேன். மெல்லிய வயர் ஒன்றை எலி கடித்திருந்தது.

“இதுக்கா இவ்வளவு பெரிய மெசின் நிண்டது?”

“ஓம். இது அறுந்தா, சீற்றில ஆள் இல்லையெண்டு மெசின் நினைச்சிரும். ஆள் தவறி விழுந்தா தானா நிக்கிறதுக்கு வச்சிருக்காங்க. வருசா வருசம் புதுசு புதுசா வருது. நானும் பழகிக்கிட்டுத்தான் இருக்கன்.”

வயரை இணைத்தார். மழைக்கு முன்னே நெல் முழுதும் மூட்டையாகிவிட்டது.

பெரிய பழுது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். கணவர் போன பிறகு, வயல் விஷயத்தை என் முகம் பார்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். துஆவில் இன்றும் ‘அந்த மெக்கானிக்’ என்றுதான் சொல்கிறேன். ஆள் யாரென்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.