இரும்புக் குண்டும் மருந்து அலமாரியும்

என் நாத்தனார் மகள் விளையாட்டு டீச்சர். அவள் விசில் ஊதினால் மூன்று தெரு தள்ளி ஓடும் பஸ் நின்று, டிரைவர் இறங்கி வந்து வரிசையில் நிற்பார். நம்பாதவர்கள் அந்த டிரைவரையே கேட்கலாம்.

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமிக்கு வேர்க்கடலை ஆகாது. தின்றால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். அவள் அம்மா பேனா போன்ற ஓர் ஊசியைப் பள்ளியில் கொடுத்து வைத்திருந்தாள். தொடையில் குத்தினால் போதும். ஆசிரியர்களுக்கு அதற்குப் பயிற்சியும் நடந்தது. தலைமையாசிரியை என்ன செய்தார்? ஊசியை அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார், ஏதோ மாமியார் கொடுத்த வைரம்போல.

ஒரு நாள் தோழி கொடுத்த பிஸ்கட்டில் கடலை இருந்தது. உதடு வீங்கி மூச்சுக்குத் திணறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் விளையாட்டு டீச்சர் அலுவலகத்துக்கு ஓடினாள். கைப்பையும் சாவியும் தலைமையாசிரியையோடு கூட்டத்துக்குப் போயிருந்தன.

கணக்கு வாத்தியார் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "அவங்கம்மாவுக்கு போன் போட்டாச்சு, வரட்டும். ஏதாவது ஆச்சுன்னா நாமதான் கோர்ட்டு வாசல்ல நிக்கணும்."

"நீங்க உக்காந்தே இருங்க சார், கால் வலிக்கப் போகுது!"

மூலையில் கிடந்த குண்டு எறிதல் போட்டிக்கான இரும்புக் குண்டை எடுத்தாள். கண்ணாடி நொறுங்கியது. சீருடையோடு சேர்த்துத் தொடையில் ஊசியைக் குத்தினாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிள்ளை சீராக மூச்சு விட ஆரம்பித்தது.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் விசாரணை. "யாரைக் கேட்டு ஊசி போட்டீங்க? மன்னிப்பு எழுதிக் குடுங்க. இல்லேன்னா வேலையை விட்டுடுங்க!"

"நல்லெண்ணத்தோட அவசர மருந்து குடுத்தா கேஸ் போட முடியாது, வேலையை விட்டும் தூக்க முடியாதுன்னு சட்டமே இருக்கு மேடம். ட்ரெய்னிங்லயே சொன்னாங்க. அன்னிக்கும் நீங்க மீட்டிங்ல இருந்தீங்க."

பள்ளி வக்கீலும் அதையே சொன்னார். அத்தோடு மன்னிப்புப் பேச்சு அடங்கியது. ஆனால் ஆண்டு விழா மேடையில் "எங்கள் பள்ளியின் துரித நடவடிக்கை" என்று தலைமையாசிரியை முழங்கினார். பக்கத்தில் கணக்கு வாத்தியார் பல்லிளித்துக்கொண்டு நின்றார். இவள் பெயரை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை.

புது ஊசி வந்தது. அதையும் பூட்டினார்கள்! இந்த முறை பூட்டு இன்னும் பெரிது.

அன்றிலிருந்து இரும்புக் குண்டு மைதானத்துக்குப் போவதில்லை. அலமாரிக்குக் கீழேயே கிடக்கிறது. தலைமையாசிரியை அதில் கால் இடித்துக்கொண்டு கத்தினாராம்: "இது எதுக்கு இங்க?"

"மாற்றுச் சாவி, மேடம்."