பாவுக்கு ஒதுங்கிய குற்றம்

ரோட்டில் அடிபடுவது ஒரு நிமிட வேலை; அடிபட்டேன் என்று கோர்ட்டில் நிரூபிப்பதுதான் முழுநேரத் தொழில். அந்தத் தொழிலை நான்கு வருடமாகக் காஞ்சிபுரம் கோர்ட் வராண்டாவின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவருகிறேன். மாவுக்கட்டோடும் ஃபைலோடும் "அடுத்த வாய்தா எப்போ?" என்று அலைகிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால், "இன்னுமா அந்தக் கேஸ் நடக்குது?" என்பார்கள்.

அவர் யாருடைய ஆள்?

வெளியூர் நம்பர் பிளேட்டோடு ஒரு கார் ஊருக்குள் நுழைந்தால் போதும். பைக்கில் ஒருவர் அதற்கு முன்னால் போய், தலையைத் திருப்பித் திருப்பி, "பட்டுப் புடவையா சார்? என் பின்னாடியே வாங்க" என்று கடைக்கு இழுத்துப் போவார். எங்கள் ஊரில் இது ஒரு பிழைப்பு. அன்று காலை ஏழு மணிக்கு நான் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். தெரு ஓரத்தில் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்பதுதான் பாவு. அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தேன். பைக்கில் வந்தவர் பின்னால் வந்த காரைப் பார்த்தார். முன்னால் இருந்த என்னைப் பார்க்கவில்லை. இடது முழங்கால் நொறுங்கியது.

ஆஸ்பத்திரிக்குக் கடை மேனேஜர் ஆப்பிளோடு வந்தார். நலம் விசாரிக்க அல்ல, அந்த ஆளைத் தெரியவே தெரியாது என்று சொல்ல! "அவர் பனியனில் உங்கள் கடைப் பேர் இருந்ததே?" என்றேன். ஆப்பிளை என் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊர்ல பாதிப் பேர் கையில எங்க கடைப் பைதாம்மா இருக்குது. அவங்க எல்லாருமே எங்க ஆளா?"

தொழில் என்ற கட்டம்

என் வக்கீலின் குமாஸ்தா நஷ்டஈட்டு மனு எழுதினார். பெயர், வயது எல்லாம் ஒழுங்காகக் கேட்டவர், "தொழில்" என்ற கட்டத்துக்கு வந்ததும் கேட்கவே இல்லை. "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். எனக்கு வந்ததே கோபம்! விடிவதற்கு முன் எழுந்து, மாமியாருக்கு இன்சுலின் ஊசி போட்டு, மூன்று பேருக்கு டப்பா கட்டி, ராத்திரி காஸை மூடிவிட்டுப் படுக்கிறவளுக்குத் தொழில் இல்லையா? வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு என்று டெல்லியில் உள்ள பெரிய கோர்ட்டே சொல்லியிருக்கிறது. பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருந்தேன். அதை எடுத்து அவர் மேஜைமேல் போட்டேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதையும் படித்தார். மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "கோர்ட்டு சொல்லும்மா. ஆனா வேலைன்னா அதுக்கு ஒரு லீவு இருக்கணும். உங்களுக்கு இருக்குதா, சொல்லுங்க?"

டாக்டர் சோதித்த விதம்

ஊனம் எவ்வளவு என்று சான்றிதழ் வேண்டும். டாக்டர் கீழே உட்காரச் சொன்னார். முடியாது என்றேன். வீட்டில் டைனிங் டேபிள் இருக்கிறதா என்றார். இருக்கிறது. மாடிப்படி? இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட்? கால் போனபிறகு கட்டினோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பின்ன என்னம்மா? உங்க வீட்டுக்கு முழங்காலே தேவைப்படாதே!"

குறுக்கு விசாரணை

இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து வந்த வக்கீல் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்: தப்பு என்னுடையது. "ஓரத்தை விட்டு ரோட்டில் ஏன் நடந்தீர்கள்?" "பாவு போட்டிருந்தார்கள்." "அதாவது, நூல் காய்ந்துகொண்டிருந்தது. தாண்டிப் போக வேண்டியதுதானே?" கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல் என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் ஸ்கேலால் தட்டிப் பழக்கிய வாய் இது. "பாவை நாங்கள் தாண்ட மாட்டோம், குனிந்தும் புக மாட்டோம். கால் பட்டு இழை அறுந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு போச்சு" என்றேன். "ஆமாம், இல்லைன்னு மட்டும் சொன்னால் போதும், மேடம்" என்றார். "அப்படியானால் ஆமாம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேளுங்கள்" என்றேன். என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சென்னைக்காரர் விடவில்லை. "ஆக, உங்கள் உயிரைவிட நூல் பெரிது என்று நினைத்தீர்கள், அப்படித்தானே?" அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பார்த்தால், என்னை இடித்த அதே ஆள்! அவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையாம். அவர் எனக்கு எதிர்த்தரப்பு என்பதே அவருக்கு மறந்துவிட்டது. உட்காரச் சொல்லிக் கோர்ட் ஊழியர் ஓடி வருவதற்குள் முடித்துவிட்டார்: "பாவைப் போய் எவனாவது தாண்டுவானா, ஐயா? அந்தம்மா ஒழுங்காத்தான் வந்துக்கினு இருந்துச்சு. நான்தான் திரும்பிப் பார்த்துக்கினே வந்துட்டேன்."

கால் பங்கு

இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் எழுந்து நின்று சொன்னது சாட்சியம் ஆகாதாம். கூண்டில் ஏறி அவர் சொல்லவில்லையாம். தீர்ப்பு வந்தது. கடை ஆள் என்பதற்கு ஆதாரமில்லை என்று கடையைக் கழற்றிவிட்டார்கள். என் வீட்டு வேலையைத் தொழில் என்று ஒப்புக்கொண்டார்கள்; அதுவரை சந்தோஷம். அடுத்த பத்தியில் இடி: வண்டி வருவதைக் கவனிக்காமல் ரோட்டில் இறங்கியதால், நடந்ததில் கால் பங்கு தவறு மனுதாரருடையது.

"முக்கால் பங்கு நம்ம பக்கம்தானே, விட்டுடேன்" என்றார் என் வீட்டுக்காரர். என்னால் விட முடியவில்லை. முழங்கால் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பின்னால் பார்த்துக்கொண்டே வந்தவனை நான் கவனிக்கவில்லை என்று சீல் குத்திக் கையில் கொடுத்ததை எப்படிப் பொறுப்பது? மேல்முறையீட்டுக்குக் கையெழுத்துப் போட நேராக வக்கீல் ஆபீசுக்குப் போனேன். என் வக்கீல் நல்ல மனிதர், பேனாவைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு கெஞ்சினார்: "ஹைகோர்ட்டுன்னா இன்னும் எத்தனை வருஷமோ, மேடம்! கால் பங்கு தப்பை ஒத்துக்கினா உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

பேனாவைப் பிடுங்கித்தான் கையெழுத்துப் போட்டேன்; இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கிறவர்கள், செய்யாத தப்பில் கால் பங்கை ஒரே ஒருநாள் தங்கள் பேரில் எழுதி வாங்கிப் பார்க்கட்டும்.