ஒரு துண்டு மரச்சீனி

எடையைக் குறைக்க இருபது நாளாக முட்டை, கோழி, மீன் மட்டுமே தின்றேன். சோறும் கிழங்கும் கிடையாது. பசியைவிடக் கோபம்தான் எரிந்தது. அன்று மதியம் கணவர் மரச்சீனிக் கிழங்கை அவித்து, மீன்கறியோடு என் முன் வைத்தார்.

“ஏட்டி, ஒரு துண்டு தின்னா செத்தா போயிருவ?”

தட்டைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்தேன். கை தவறவில்லை, குறிபார்த்தே எறிந்தேன். புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டபடி டாக்டர், “எப்படி ஆச்சு?” என்றார்.

“அத விடுங்க. இவ சோறே திங்காம கெடக்கா. கொஞ்சம் கெழங்கு தின்னலாமா டாக்டர்?” என்று எனக்காகக் கேட்டார் அவர்.

இப்போதும் மரச்சீனி அவித்தால் முதல் துண்டை அவரே நீட்டுவார். அந்தத் தழும்பைப் பார்க்கத் தைரியமில்லாமல், தலைகுனிந்து வாங்கித் தின்கிறேன்.