அவர் நடக்காத தெருக்கள்

ஏழுமலை இறந்த செய்தியைக் கொண்டுவந்தவர் ரிக்‌ஷா இழுக்கும் காத்தவராயன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வாசலில் வந்து நின்றவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "கம்பவுண்டரே, நம்ம ஏழுமல நைனா செத்துப்பூட்டாரு. பால்காரன் தட்டித் தட்டிப் பாத்துகீறான், தொறக்கல. கதவ நெம்பிப் பாத்தா பாய்லயே கீறாரு" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். உடம்பு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்? அப்புறம்தான் வேறொன்று நெஞ்சில் தைத்தது. ராயபுரத்தில் பாதித் தெருவுக்கு நாய் கொடுத்தவர் அவர். அவர் முனகியதைக் கேட்டுக் குரைத்து, அக்கம்பக்கத்தைக் கூட்ட அந்த அறையில் ஒரு நாய் இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவர் கையிலிருந்து நாய் வாங்கியவர்கள். வாங்கிய நாளுக்குப் பிறகு அவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "நாயைத் தலையில் கட்டிவிட்டு ஆள் மறைந்துவிட்டாரே, எப்படி இருக்கிறது என்று ஒரு நடை வந்து பார்த்தாரா?" என்று என்னிடமே குறைப்பட்டவர்கள் உண்டு. அவர் உயிரோடு இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை, அவருக்குப் பிடிக்காது. இனி யாருக்குப் பயம்? சொல்லிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூர் போகும் சாலையில், ஒரு வியாபாரி தருமமாக விட்டுக்கொடுத்த பழைய உப்புக் கிடங்கில்தான் எங்கள் காப்பகம். பலகையில் 'ஜீவகாருண்ய நிலையம்' என்று அழகாக எழுதியிருக்கும். ஊர் வாயில் அது நாய்க் கொட்டாய். கப்பல்காரர்கள் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போன நாய்களும், தெருவில் அடிபட்டவையும், தெருநாய் பிடிக்க வரும் கார்ப்பரேஷன் வண்டிக்காரனிடம் கெஞ்சி மீட்டவையும் அங்கே இருந்தன. ஏழுமலை துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தார். வேலை முடிந்ததும் நேரே கொட்டாய்க்கு வந்துவிடுவார். நான் புண்ணுக்கு மருந்து போடுவேன், அவர் வீடு தேடுவார். எங்கள் ஏற்பாடு அவ்வளவுதான். எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்ள இடம் ஏது? வீடு கிடைக்காத நாய் திரும்பத் தெருவுக்குத்தான் போக வேண்டும். தெருவில் கழுத்துப்பட்டையும் லைசென்சுத் தகடும் இல்லாத நாயை வண்டி பிடித்துக்கொண்டு போனால், கேட்க ஆள் வராவிட்டால், அதோடு அதன் கதை முடிந்தது.

வீடு தேடுவதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நாயைக் கேட்கிற வீட்டிலிருந்து, உடுத்தி அவிழ்த்த பழந்துணி ஒன்றைத் துவைக்காமல் வாங்கிவருவார். அதைக் கொட்டாயில் அந்த நாய்க்கு விரித்துப் போடுவார். சில நாள் அதில் படுத்துப் பழகினால், புது வீட்டு வாசலை மிதிக்கும்போதே வாடை தெரிந்த இடமாகிவிடும் என்பது அவர் கணக்கு. நல்ல யோசனைதான். ஆனால் முன்பின் தெரியாதவன் வந்து உடுத்தின துணியைக் கேட்டால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? வண்ணாரப்பேட்டையில் ஒரு அம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தே விட்டாள். "இன்னாய்யா, சூனியம் வெக்க வந்துகீறியா? என் மருமவ மாசமாக் கீறா, துணி கேக்குதா துணி!" ஏழுமலை ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "வடிவுடையம்மா மேல சத்தியம், நாய் படுத்துக்கத்தான்மா" என்றார். "நாய்க்கா? அப்போ என் துணி வேணா, அந்தாளு வேட்டிய எத்துகினு போ" என்று புருஷனின் வேட்டியைத் தூக்கிப் போட்டாள். சூனியம் வைத்தாலும் அவருக்கு வைக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ! அந்த வேட்டியில் படுத்துப் பழகிய நாய் அந்த மனிதர் காலைவிட்டு அப்புறம் அகலவில்லை.

ஆரம்பத்தில் ஏழுமலையும் எல்லோரையும் போலத்தான், கொடுத்த நாயைப் போய்ப் பார்ப்பார். செம்பி என்று ஒரு செம்பட்டை நாய். அவர் கையால் பால் புகட்டிப் பிழைக்க வைத்தது. கல்மண்டபத்துப் பக்கம் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்தார். மனசு கேட்காமல், மறுவாரமே வேலைக்குப் போகிற வழியில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அது மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வந்தது அவருக்குத் தெரியாது. அவர் துறைமுகத்துக்குள் போய்விட்டார். சாயங்காலம் வெளியே வந்தபோது வாசல் காவல்காரர்தான் சொன்னார். "ஒரு செம்பட்ட நாயி காத்தாலேந்து இங்கியே குந்திகினு இருந்திச்சி. யாரத் தேடிச்சோ. வண்டிக்காரன் புட்ச்சிகினு பூட்டான்." அந்த வீட்டார் அதுவரை கழுத்துப்பட்டை வாங்கியிருக்கவில்லை. ஏழுமலை ஓடிப்போய்க் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. கொட்டாய்க்கு வந்து செம்பி படுத்த சாக்கை மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தார். "நான் பாக்கப் போனதால செத்திச்சி கம்பவுண்டரே" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் அவர் அதை விடவில்லை.

அன்றிலிருந்துதான் அந்தப் பிடிவாதம். எந்தத் தெருவில் நாய் கொடுத்தாரோ அந்தத் தெருவில் அப்புறம் அவர் கால் வைக்க மாட்டார். "குடுக்கறது பாதி வேல. நாம காணாம போறதுதான் மீதி வேல" என்பார். இன்னொன்றும் சொல்வார், "மறந்துட்சின்னா பொழச்சிட்சி." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு கிடைக்கக் கிடைக்க அவருக்கு ஊர் சுருங்கிக்கொண்டே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். செக்குத் தெரு போயிற்று. பள்ளிக்கூடத் தெரு போயிற்று. சவரம் செய்துகொள்ளும் கடை இருந்த சந்து போயிற்று, தாடியோடு திரிந்தார். ஒரு நாய்க்கு நல்ல வீடு அமைந்தது என்று நாங்களெல்லாம் சந்தோஷப்படும்போது, அவர் மனசுக்குள் எந்த வழியாகச் சுற்றிப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் அவருக்கு மிஞ்சியது கடலோரம்தான். வலை காயும் மணலில், கட்டுமரங்களுக்கு நடுவே, கருவாட்டு நாற்றத்தில் கொட்டாய்க்கும் துறைமுகத்துக்கும் நடந்தார். மழைக்காலத்தில் முழங்கால்வரை சேறோடு வந்து நிற்பார். "ஏன்யா உனக்கு இந்தப் பேஜாரு?" என்று கேட்டால் சிரிப்பார்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பட்டாணி விஷயம்தான் என் வயிற்றெரிச்சல். கூட்ஸ் வண்டிச் சக்கரத்தில் பின்னங்கால் போய், மூன்று காலோடு பிழைத்த நாய் பட்டாணி. அதை யாரும் கேட்கவில்லை. வருகிறவர்கள் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு வேறு நாயைக் கேட்பார்கள். ஒரே ஒரு வீடு கேட்டது. வீட்டு வாசலிலேயே ஆப்பக்கடை வைத்திருந்த முனியம்மாள், பிள்ளை குட்டி இல்லாதவள். "அதுக்குக் காலு இல்ல, எனக்குப் புள்ள இல்ல, குடு நைனா" என்றாள். அவள் வீடு இருந்தது ஏழுமலையின் தங்கை தாயாரம்மாள் வீட்டுக்கு நேர் எதிரே.

ஏழுமலை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கென்று இருந்த ஒரே உறவு அந்தத் தங்கை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் மீன் குழம்பும் சோறும், சாப்பிட்டபின் அங்கேயே ஒரு தூக்கமும். அதுதான் அவர் குடும்ப வாழ்க்கை எல்லாம். பட்டாணியைக் கொடுத்தால் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தார். ரெண்டு மாசத்தில் மறந்துவிடும் என்று நினைத்தார் போலும். எங்கே மறந்தது? அவர் தெருமுனைக்கு வந்தாலே அந்த மூன்று கால் சனியன் நொண்டி நொண்டி ஓடிவரும். என் கண் முன்னாலேயே ஒருமுறை வந்தது. அதைத் தூக்கிக் காத்தவராயன் ரிக்‌ஷாவில் முனியம்மாளிடம் திருப்பி அனுப்பிவிட்டு, என்னைப் பார்க்காமல் நடந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யோவ், ஒரு நாய்க்காகக் கூடப் பொறந்தவள விட்டுடுவியா?" என்று கத்தினேன். "தாயாருக்கு ரெண்டு காலும் நல்லாக் கீது கம்பவுண்டரே, அவ வருவா. அத்துக்கு மூணுதானே" என்றார்.

தாயாரம்மாள் வரத்தான் வந்தாள், வாரம் தவறாமல் தூக்குச்சட்டியோடு. பிறகு அவள் முட்டி வீங்கிப்போய் நடக்கவும் ரிக்‌ஷாவில் ஏறி இறங்கவும் முடியாமல் ஆயிற்று. தூக்குச்சட்டி மட்டும் காத்தவராயன் ரிக்‌ஷாவில் வந்தது. அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு அண்ணனும் தங்கையும் முகம் பார்க்காமல் இருந்தார்கள். இதற்கும் ஏழுமலை ஒரு வழி கண்டுபிடித்தார். பிற்பகலில் கடல்காற்று ஏறினால் அது கிழக்கிலிருந்து மேற்கே வீசும். அப்போது தெருவின் மேற்குக் கோடியில் நிற்கிறவனின் வாடை நாய்க்கு எட்டாது. அதனால் காற்று நன்றாக ஏறிய சாயங்காலங்களில், ஊரைச் சுற்றிக்கொண்டு போய் மேற்குக் கோடியில் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். தாயாரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். அவர் கையைத் தூக்குவார், அவளும் தூக்குவாள். அவ்வளவுதான் பேச்சு. காற்று விழுந்துவிட்டால் கிளம்பிவிடுவார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். இன்னொரு முறை கூப்பிட்டபோது, எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சாவு வீட்டுக்கு வருகிறேன். துறைமுகத்து ஆட்கள் பாடை கட்டினார்கள். எந்த வழி என்று பேச்சு வந்தது. "கடலோரமாவே எத்துகினு போலாம், அவுரு தெனம் போன வழி" என்றார் காத்தவராயன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நாலு பேராகத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்து அண்ணன் தலைமாட்டில் உட்கார வைத்திருந்த தாயாரம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னாத்துக்குக் கடலோரம்? என் அண்ணன் இன்னா திருடிகினா வந்தான், ஊருக்குப் பின்னாலியே போறதுக்கு? என் வூட்டு வாசலு வழியா எத்துகினு போங்க."

"அம்மா, அங்க அந்த நாய் இருக்குதே" என்றேன். என் பயம் எனக்கு. பட்டாணி பாடையின் பின்னால் வந்து, சுடுகாட்டிலேயே உட்கார்ந்துவிட்டால்? அந்த மனிதர் இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் அவர் பிணத்தாலேயே வீணாகிவிடாதா?

"கீது, தெரியும். தெனம் நான்தானே பாத்துகினு கீறேன். வந்தா வரட்டும். ஒரு வாட்டி என் அண்ணன் என் வாசலாண்ட வரணும்" என்றாள். நாய் எழுந்துவிடாதபடி அவள் தெருமுனையிலேயே மேளத்தை நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

செக்குத் தெரு வழியாகப் போனோம். பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போனோம். எத்தனை வருஷம் கழித்து! ஒரு வீட்டு நிழலில் படுத்திருந்த கப்பல் நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அப்புறம் அந்தத் தெரு வந்தது. மேளம் நின்றது. பட்டாணி ஆப்பக்கடை வாசலில் கிழிந்த புடவையின் மேல் கிடந்தது, முகமெல்லாம் நரைத்து. பாடை நெருங்கியதும் மூக்கைத் தூக்கியது. எழுந்தது. நொண்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் பின்னால் வந்தது. எனக்குக் கையை ஓங்கி விரட்டிவிடலாமா என்றிருந்தது, கை எழவில்லை. தெருக்கோடி வரைக்கும், அவர் வழக்கமாக நிற்கும் விளக்குக் கம்பம் வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. கம்பத்தை மோந்து பார்த்தது. திரும்பி முனியம்மாள் வீட்டைப் பார்த்தது. பிறகு வந்த வழியே நொண்டிப் போய், அந்தக் கிழிந்த புடவையில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

கூட வந்த ரிக்‌ஷாவில் இருந்தபடி தாயாரம்மாள் பாடையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "அது அத்தோட வூட்டுக்குப் பூட்சி, அண்ணா. கேட்டியா? பொழச்சிட்சி, அண்ணா." நான் தெருவென்றும் பாராமல் அழுதேன்.

போன வாரம் ஒரு நாயை நான் தனியாகக் கொடுத்தேன். பழந்துணி கேட்டுத் திட்டு வாங்கினேன், மீதியெல்லாமும் அவர் செய்தபடியே செய்தேன். நேற்று மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கால் தானாக அந்தத் தெருமுனைக்கு வந்துவிட்டது. வாசலில் படுத்திருக்குமா, சாப்பிட்டதா, ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன என்று மனசு அடித்துக்கொண்டது. திரும்பிக் கடலோரமாக நடந்தேன். அந்த வழி இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது, துணைக்கு ஆளும் இல்லை. ஏழுமலையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த மணல்வழிதான். இனி உங்கள் தெருவில் என்னையும் காணவில்லை என்றால், நாயைத் தலையில் கட்டிவிட்டு ஆள் மறைந்துவிட்டான் என்று ஏசாதீர்கள்.