அம்மா எடுக்காத போன்

அம்மா திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. நான் வேறு பள்ளியில் ஐந்தாவது படித்தேன். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் அம்மா காலை ஆறு மணிக்கே ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவாள். வராமல் நின்றுபோன பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவர வேண்டும். தேர்ச்சி குறைந்தால் மேலதிகாரிகளிடம் ஏச்சு வாங்குவது அவள்தான். எனக்கு இட்லி மூடி வைத்திருக்கும்.

அப்படி வந்தவர்களில் இறால் உரிக்கப் போய்விட்ட ஓர் அக்காவை எனக்கு ஆகவே ஆகாது. அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் ஸ்கூட்டியில் போவதை ஷேர் ஆட்டோவிலிருந்து தினமும் பார்ப்பேன். அம்மா அவளைக் ‘கண்ணு’ என்பாள். என்னோடு பேச உட்கார்ந்தால் போன் அடிக்கும். மேலதிகாரிகள் ஏதோ விவரம் உடனே வேண்டும் என்பார்கள்.

பள்ளிக்குப் போகாவிட்டால்தான் அம்மா தேடி வருவாள் என்று ஒருநாள் முடிவுகட்டினேன். பிள்ளை வரவில்லையென்றால் ஒன்பதரைக்கெல்லாம் எங்கள் பள்ளியிலிருந்து அம்மாவுக்குப் போன் போய்விடும். அதை நம்பி ஆட்டோவிலிருந்து பாதியில் இறங்கினேன். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்களுக்கிடையே ஒளிய இடம் தேடிப் போனேன்.

அங்கே அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

“எப்டிம்மா அதுக்குள்ள தெரிஞ்சிச்சு?”

என்னையும் என் பள்ளிப் பையையும் பார்த்தாள். “தெரிஞ்சுது. வா, குந்து.”

“போனை எட்துப் பேசும்மா.”

“அட்ச்சிகினு கெடக்கட்டும் கண்ணு.”

கண்ணு! அம்மா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. வெயில் ஏறியபின் என்னைப் பள்ளியில் விட்டாள். “அப்பாகிட்ட சொல்லாத” என்றாள்.

மறுநாள் அந்த அக்காவை வழிமறித்தேன். “உன்னத் தேடி ஊட்டுக்குத்தான் வந்தாங்க. என்னத் தேடி கடலாண்டயே வந்தாங்க, தெரியுமா?”

“அதான் நேத்து என்னை இட்டுனு போவ வரலியா டீச்சரு?” என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன்.

பிற்பாடு ஒன்பதாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தேன். வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, போனை அடிக்கவிட்டு, எங்கேயாவது குந்திக்கொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. அன்று அம்மா எடுக்காமல் விட்ட போன்களில் ஒன்று, நான் பள்ளிக்கு வரவில்லை என்று சொல்ல வந்தது. பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.