ஐஸ் பெட்டியில் ஊறிய லைன்

தூண்டில் ரீலைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அதில் சுற்றும் லைனுக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பட்டம் வாங்கி ஒரு வருடம் தாண்டியிருந்தது. வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களுக்கு 'கிடைக்கவில்லை' என்றுகூட யாரும் பதில் எழுதவில்லை. கடைசியில் அண்ணன் வேலை செய்யும் சிங்கப்பூர் தொழிற்சாலையில், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் ஓர் இடம் காலியானது. ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு, கடல் மேல் சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்தைக் கடந்து, பொழுது சாய்ந்த பிறகு திரும்ப வேண்டும். ஆறு வருடமாக அண்ணன் அப்படித்தான் போய் வருகிறான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

எனக்கு வேறு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம், கெலாங் பாத்தாவுக்குக் கீழே ஒரு படகுத்துறை இருக்கிறது. அங்கே நம் ஆள் ஒருவர், தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் ஏற்றி ஆற்று முகத்துக்குக் கூட்டிப் போவார். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். சமீபகாலமாக அவரிடம் ஃபிளை தூண்டில்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். இரையும் ஈயக் குண்டும் இல்லாமல், பிளாஸ்டிக் பூசிய தடித்த லைனின் கனத்தை வைத்தே, இறகு கட்டிய பொய்மீனை வீசிப் பிடிக்கிற கூட்டம். அவர்களுக்கு என்ன செய்து கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், செம்பனைத் தோட்டத்துக் குளங்களில் இரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த ஆட்களை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று போய்க் கேட்டேன்.

நான் கையோடு கொண்டுபோயிருந்த தூண்டில் கழியை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு வாரம் கழிச்சி சனிக்கிழம வா மா. இந்தத் தொடப்பக்கட்டய வச்சி என் கண்ணு முன்னால ஒரு மீனு புடிச்சிக் காட்டு. புடிச்சா பேசலாம். புடிக்கலன்னா என் டீசல வீணாக்காத."

குளத்து ரீலைக் கொண்டு கடலுக்குப் போக முடியாது. உப்பு அதைத் தின்றுவிடும். கடல் மீன் ஒரே இழுப்பில் நூறு மீட்டர் ஓடும், அதைத் தாங்க ரீலுக்குள் நல்ல பிரேக் வேண்டும், அந்தப் பிரேக்குக்குள் உப்புத் தண்ணீர் புகாதபடி மூடி இருக்க வேண்டும், லைனுக்குப் பின்னால் இருநூறு மீட்டர் மெல்லிய சரடு சுற்ற இடம் வேண்டும். படித்தேன், வீடியோ பார்த்தேன், கனவிலும் ரீல் சுற்றியது.

"மாப்ள பாக்குற மாதிரில்ல பாக்குறா," என்றான் அண்ணன். "இதுக்கு என்னா கொறையாம்?"

"பிரேக் சரியில்ல."

"மாப்ளைக்கும் அதத்தான் மொதல்ல பாக்கணும் லா."

ஒருவழியாகக் கருநீல நிறத்தில் ஒன்று கிடைத்தது. கையில் வைத்துச் சுழற்றினால் ஒரு சத்தம் இல்லை. பழைய ரீல்தான். விற்றவர் தன்னிடம் பிரிக்காமல் கிடந்த எட்டாம் எண் லைனையும் சேர்த்துத் தந்தார். என் கழியும் எட்டாம் எண், கனம் பொருந்தும். பெட்டியில் 'குளிர் நீருக்கு' என்று போட்டிருந்தது. குளத்தைவிடக் கடல் குளிர்ச்சிதானே என்று நினைத்தேன். நான்! வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்த நான். பனி பெய்கிற நாட்டு ஆறுகளுக்குச் செய்த லைன் அது என்று தோன்றவே இல்லை.

வெயிலில் ஒரு தடவை வீசிப் பார்த்திருந்தாலாவது தப்பித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போனது. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தாமான் குடியிருப்புத் திடலில் கழியை எடுத்து வீசினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலியோரம் நின்று அம்மாவைக் கூப்பிட்டு, "ஒங்க பொண்ணு காத்த சாட்டையால அடிக்குது. எதுக்கும் கோயில்ல ஒரு கயிறு கட்டிருங்க," என்றார். அதிலிருந்து பயிற்சியெல்லாம் விடியற்காலையில்தான். அண்ணன் வேலைக்குக் கிளம்பியதும் நான் திடலுக்குப் போய்விடுவேன். புதிய லைனையும் அந்த நேரத்தில்தான் வீசிப் பார்த்தேன். புல்லெல்லாம் பனி. லைன் அம்பு மாதிரி போய் நேராக விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சனிக்கிழமை அண்ணன்தான் என்னைப் படகுத்துறையில் இறக்கிவிட்டான். "திரும்பி வந்தவொடனே வேலைக்குப் போடுற துணிய எடுத்து வை. நாளான்னைக்கு வேல," என்றான்.

நாங்கள் ஆற்று முகத்துக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச தூரத்தில் பாலத்தின் மேல் லாரிகள் வரிசையாக நின்றன. அங்கிள் இஞ்சினை நிறுத்தி, தண்ணீர் கொப்பளிக்கும் இடத்தைக் காட்டினார்.

"அந்தா பாரு, தாலாங். சின்ன மீன வெரட்டுது. போடு."

பாரை இனம்தான் தாலாங். நீளமாக, தகடு மாதிரி மின்னும், எகிறிக் குதிக்கும். நான் வீசினேன்.

லைன் போகவில்லை. என் காலடியில் சுருண்டு விழுந்தது. மறுபடி வீசினேன். கழியின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு பாதி தூரத்திலேயே தொய்ந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். வெந்த மீ நூடுல்ஸ் மாதிரி கொழகொழவென்று இருந்தது. விரலில் பிசுபிசுத்தது.

"என்னா மா, சாயங்காலத்துக்கு மீ கோரிங்கா?" என்று சிரித்தார் அங்கிள்.

"இருங்க அங்கிள். ஒரு நிமிஷம்."

"மீனு இருக்காதே மா, ஒரு நிமிஷம்."

பத்து தடவை வீசியிருப்பேன். பத்தும் அப்படியே. கண்ணில் வேர்வையா அழுகையா தெரியவில்லை. அப்போதுதான் அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. குளிர் நீருக்கு. லைன் வெயிலில் இளகிவிட்டது. திடலில் இறுக்கமாக இருந்ததற்குக் காரணம் விடியற்காலைக் குளிர்.

படகின் பின்பக்கம் அவருடைய ஐஸ் பெட்டி இருந்தது. கேட்கக்கூட இல்லை. மூடியைத் திறந்து, தண்ணீர் போத்தல்களைத் தள்ளிவிட்டு, லைனைக் கை நிறைய அள்ளி உருகிய ஐஸுக்குள் அமுக்கினேன்.

"அலமாக்! நான் குடிக்கிற தண்ணி அதுல இருக்கு!"

"புது தண்ணி வாங்கித் தரேன் அங்கிள், ப்ளீஸ்!"

விரல் மரத்துப்போகும்வரை வைத்திருந்துவிட்டு வெளியே எடுத்தேன். இறுகியிருந்தது. முன்பக்கம் போய் வீசினேன். போனது! திடலில் போன மாதிரியே போனது. அங்கிள் சிரிப்பை நிறுத்தினார். மூன்று வீச்சு, மறுபடி ஐஸ். மூன்று வீச்சு, மறுபடி ஐஸ். ஐஸ் குறைந்துகொண்டே வந்தது. கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். ஒன்றே ஒன்று போதும் என்றேன்.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, லைன் கையை வெட்டுகிற மாதிரி இழுத்தது. மீன் தண்ணீருக்கு மேல் எகிறியது. என் கை நீளம் இருக்கும்.

"விடு, விடு, ஓட விடு!" என்று கத்தினார் அங்கிள். அவரும் எழுந்து நின்றுவிட்டார்.

ஓட விட்டேன். கைக்கும் ரீலுக்கும் நடுவே தளர்ந்து கிடந்த லைன் முழுவதும் படகுத் தரையில் வெயிலில் இருந்தது. அது மறுபடி இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கொத்தாக மேலே எழும்பியது. முதல் வளையத்தில் போய் அடைத்துக்கொண்டது. கழி வளைந்தது. டப் என்று ஒரு சத்தம்.

லைன் நுனியில் பொய்மீனைக் கட்டியிருந்த நரம்பு அறுந்துவிட்டது.

ரீல் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. மூன்று வாரம் பார்த்துப் பார்த்து வாங்கிய பிரேக்கை அந்த மீன் தொடவே இல்லை.

அங்கிள் இஞ்சினைக் கிளப்பிப் படகைத் திருப்பினார். படகுத்துறையில் அண்ணன் வண்டியோடு நின்றிருந்தான்.

"எறங்கு மா," என்றார் அங்கிள்.

"ஒரு வாரம் குடுங்க அங்கிள். லைன் தப்பு. நான்தான் தப்பா எடுத்துட்டேன். சூட்டு ஊருக்குன்னே வேற லைன் இருக்கு."

"ரீலு மட்டும் ஷோக்கா இருக்கு. மீனு எங்க? சொன்னது சொன்னதுதான். எறங்கு."

"எறங்க மாட்டேன்."

அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. படகின் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏய், மானத்த வாங்காத, வா," என்றான் அண்ணன் மேலிருந்து.

அங்கிள் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"போன மாசம் ஒரு வெள்ளக்காரன் வந்தான். இதே மாதிரிதான் அவனுக்கும் கொழகொழன்னு சுருண்டுச்சு. கழி சரியில்லன்னு நெனச்சேன். என்னயத் திட்டிட்டுப் போனான்."

"கழி இல்ல அங்கிள், லைன்தான். அவன் ஊரு குளிரு. அங்க வாங்குன லைன அப்படியே கொண்டாந்திருப்பான். கெளம்புறதுக்கு முன்னாலயே நான் கண்டுபுடிச்சிச் சொல்லிருப்பேன்."

"இன்னைக்கு மட்டும் ஏன் கண்டுபுடிக்கல?"

"இனிமே கண்டுபுடிப்பேன்" என்றேன்.

அவர் குனிந்து, ஒரு வாளியையும் தேய்க்கிற பிரஷ்ஷையும் எடுத்து என் காலடியில் போட்டார்.

"படகக் கழுவு. நான் இன்னும் சரின்னு சொல்லல."

"திங்கக்கெழம வரியா, வரலியா? அவங்களுக்கு நான் என்னா சொல்றது?" என்று கத்தினான் அண்ணன்.

நான் வாளியில் தண்ணீர் மொண்டேன். முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். சின்னப் படகுதான், சீக்கிரம் முடிந்துவிடும். முடித்தால் இறங்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, தேய்த்த இடத்தையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.