அட்ராக்டாவின் அரை கிளாஸ்

மேயோ மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு வரும் பாலை ருசி பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வது அட்ராக்டா கோகனின் வேலை. எவன் வீட்டு மாடு காட்டுப்பூண்டை மேய்ந்தது என்று ஒரே வாயில் சொல்லிவிடுவாள்.

ஃபெஸ்டஸ் முனெல்லியின் பப்பில் அந்த நாக்குக்கு மதிப்பில்லை. அங்கேதான் பிறவி நிபுணர்களாகிய நாங்கள் இருந்தோமே. ஃபெஸ்டஸ் முக்கால் கிளாஸ் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரை ஊற்றி, கலங்கல் அடங்கவிட்டு, மறுபடி ஊற்றி நுரைகட்டித் தரும்வரை ஞாயிறு பூசையில் நிற்பதுபோல் நிற்போம். பிறகு ஒரு மிடறு, ஒரு பெருமூச்சு, "அமிர்தம்" என்று ஒரு தீர்ப்பு.

எழுபத்துநான்காம் வருடம் ஒரு சனிக்கிழமை மதியம், வேலை முடிந்து அவள் உள்ளே வந்தாள்.

"ஒரு பைண்ட் ஸ்டவுட் குடுங்கண்ணே."

"பொம்பளைங்களுக்கு அரை கிளாஸ்தான் தாயி. முழு பைண்ட் கிளாஸ் கனம், கை வலிக்கும்" என்றார் ஃபெஸ்டஸ்.

அன்று காலை முழுக்க அவள் பால் கேன்களைத் தூக்கி இறக்கியிருந்தாள்.

"அப்ப ரெண்டு அரை கிளாஸா குடுங்க."

ஃபெஸ்டஸ் யோசித்தார். விதியில் இடமிருந்தது. கொடுத்தார்.

கலங்கல் அடங்கும்வரை காத்திருந்து, அவள் ஒரு மிடறை வாயிலேயே வைத்திருந்தாள்.

"வறுத்த பார்லி வாசனை நல்லாருக்கு. கசப்பும் சரி. ஆனா அடியில ஒரு புளிப்பு வருதே. பீப்பாய்க் குழாயக் கழுவி எத்தனை வாரம் ஆச்சுண்ணே?"

நாங்கள் சிரித்தோம். மூன்றாவது பைண்டை முடித்திருந்த மார்டி ரட்லெஜ் எழுந்தே விட்டார்.

"நாப்பது வருசமா குடிக்கிறேன். இவ்ளோ சுத்தமான சரக்கு வேற எங்கயும் கெடையாது. உனக்கு என்னம்மா தெரியும்?"

"எனக்குப் பால்தான் தெரியும் மாமா. கெட்டுப்போன பால் இப்படித்தான் இருக்கும்."

இரண்டாவது கிளாஸைத் தொடாமலே போனாள். மார்டி அதையும் குடித்து, அமிர்தம் என்றார்.

செவ்வாயன்று, சரக்கு அனுப்பும் மதுவாலையின் ஆள் வந்து குழாயைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பூசணம். "ரெண்டு மாசமாவது இருக்கும்" என்றார். அந்த இரண்டு மாதமும் நாங்கள் அமிர்தம்தான் குடித்திருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதன்பின் அவள் சொல்லாமல் எவனும் கிளாஸைத் தூக்குவதில்லை. ஆனால் ஃபெஸ்டஸ் கொள்கைக்காரர். அவளுக்கு அரை கிளாஸ்தான். ஆகவே, "ஒரு வாய் பாரேன்" என்று எங்கள் பைண்டுகளை அவள் பக்கம் நகர்த்தினோம். சனிக்கிழமைகளில் பதினோரு பைண்ட், பதினோரு வாய். அந்நேரம் ஃபெஸ்டஸுக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதாவது தெரியும். தன் கையால் ஒரு பெண்ணுக்கும் பைண்ட் ஊற்றியதில்லை என்று கடைசிவரை பெருமைப்பட்டார்.

அவருக்குப் பின் கடைக்கு வந்த மகள் கான்செப்டா, முதல் நாளே ஒரு முழு பைண்டை அட்ராக்டாவின் முன் வைத்தாள். அட்ராக்டா குடித்துப் பார்த்து, உதட்டு நுரையைத் துடைத்தாள்.

"குழாய் சுத்தம். ஆனா அடங்கறதுக்குள்ள ஊத்திட்ட கண்ணு. வேற ஊத்து."